ஓரடி மண்

கோயம்புத்தூரில் அந்தக் கால்நடை மருத்துவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்ட ஒரு கேள்வி, மூன்று ஆண்டுகள் ஆகியும் என்னை விட்டு அகலவில்லை. "முட்டை போட மண் வச்சிருந்தீங்களாம்மா? எவ்வளவு ஆழம்?" வைத்திருந்தேன் என்று வேகமாகச் சொன்னேன். ஆழத்தை வாயால் சொல்ல வராமல் கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்துக் காட்டப் போனேன். ஆனால் நான் வைத்திருந்தது ஒரு சாண் கூட இல்லை என்பது நினைவுக்கு வர, விரல்களை மடக்கி நான்கு விரற்கடை அளவைக் காட்டினேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. தலையை மட்டும் அசைத்துவிட்டு, மேசையில் எஃகுக் கிண்ணத்தில் கிடந்த நாற்பத்தேழு முட்டைகளை என் பக்கமாக நகர்த்தினார். ஒவ்வொன்றும் புளியங்கொட்டையைவிடச் சற்றே பெரியதாக, தோல் போன்ற மெல்லிய ஓட்டுடன், இளமஞ்சள் நிறத்தில் இருந்தது. அத்தனையும் என் உள்ளங்கையை விடச் சற்றே நீளமான ஓர் உடலுக்குள் இருந்தவை.

அந்த உடலுக்கு உரியவள் முத்து. என் அக்கா மகன் பெங்களூரில் வாங்கிய பச்சோந்தி. நம் நாட்டுப் பச்சோந்தியை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். முத்து அந்த இனமன்று. ஏமனிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்கு மூலையிலும் உள்ள மலைகளைச் சேர்ந்த, கடைக்காரர்கள் வெயில்ட் கமீலியன் என்று விற்கிற இனம். அவன் அதை முறைப்படி பதிவு செய்துதான் வைத்திருந்தான். 2022 ஜூன் மாதம் அவனுக்கு வேலை நிமித்தமாக அடிக்கடி வெளியூர் செல்ல நேர்ந்ததால், "சித்தி, உங்க ஊரும் மலை, அதோட ஊரும் மலை, அங்கேயே இருக்கட்டும்" என்று கோத்தகிரிக்குக் கொண்டுவந்து விட்டுப் போனான். கூண்டு, வெப்ப விளக்கு, புற ஊதாக் கதிர் விளக்கு, சுண்ணாம்புச் சத்துப் பொடி எல்லாம் கூடவே வந்தன. விற்றவர் ஆண் என்று சொல்லி விற்றிருந்தார். நாங்களும் ஆண் என்றே எண்ணினோம்.

இந்த இனத்தில் ஆணா பெண்ணா என்று அறிவதற்குப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை என்பதைப் பிற்பாடு அறிந்தபோது என் மனம் மிகவும் கசந்தது. ஆண் குஞ்சு முட்டையை விட்டு வெளியே வரும்போதே அதன் பின்னங்கால்களின் குதியில் ஒரு சிறு முள் போன்ற மேடு இருக்கும். பெண்ணுக்கு அது இருக்காது. காலைத் திருப்பிப் பார்த்தால் போதும். ஐந்து மாதம் தினமும் என் விரலைப் பற்றிக்கொண்டு ஏறிய கால்கள் அவை. இரண்டு விரலும் மூன்று விரலுமாகப் பிரிந்து கிடுக்கிபோலப் பிடிக்கும் அந்தப் பாதத்தை வியந்து வியந்து பார்த்திருக்கிறேன். குதியைப் பார்க்கவில்லை.

நிறையப் பரிமாறியது

வீட்டுக்கு வந்தவருக்கு இலை நிறையப் பரிமாறுவதுதான் மரியாதை என்று வளர்ந்தவள் நான். முத்துவுக்கும் அப்படியே பரிமாறினேன். கோயம்புத்தூரிலிருந்து பேருந்துப் பார்சலில் சிள்வண்டுகள் வரும். அவை போதாதென்று, மருந்து அடிக்காத எங்கள் வீட்டுக் காய்கறிப் பாத்தியில் வெட்டுக்கிளி பிடிப்பேன். ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு என்று போகும். அந்த நீண்ட நாக்கு வெளியே பாய்ந்து பூச்சியோடு திரும்புவதைப் பார்ப்பதில் ஓர் இன்பம் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குளிருமே என்று வெப்ப விளக்கையும் கிளைக்கு அருகில் இறக்கி வைத்திருந்தேன்.

வளர்ந்த பெண் பச்சோந்திக்கு வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கைந்து பூச்சி என்பதே நிறைவான உணவு. அதற்கு மேல் போடுவதெல்லாம் சதையாகச் சேர்வதில்லை, முட்டையாகச் சேர்கிறது. ஏமன் மலைகளில் மழை பெய்து பூச்சி பெருகும் காலத்தை அதன் உடல் முட்டைக்கான பருவமாக அறிந்து வைத்திருக்கிறது. தீனியும் வெப்பமும் ஒருசேரக் கிடைத்தால், இதுதான் பருவம் என்று சினைப்பையில் வேலை தொடங்கிவிடுகிறது. என் வீட்டுக் கூண்டில் ஆண்டு முழுவதும் மழைக்குப் பிந்தைய ஏமன்தான். இதற்கு ஆண் துணை வேண்டியதில்லை. கோழி சேவல் இல்லாமலே முட்டையிடுவதுபோலத்தான். அந்த முட்டைகள் பொரிக்காது, ஆனால் வெளியே வந்தே தீர வேண்டும். அளவோடு தீனி போட்டு, வெப்பத்தையும் குறைத்து வைத்தால் இருபது, முப்பதோடு நிற்கக்கூடிய எண்ணிக்கை, வாரி இறைத்தால் அறுபது, எழுபது வரை போகும். சில பெண்கள் தீனி குறைந்தால் முட்டையிடாமலே பருவத்தைக் கடந்துவிடுவதும் உண்டு. முத்துவின் நாற்பத்தேழில் பாதி என் கை போட்டது என்றே நான் கருதுகிறேன்.

அக்டோபர் கடைசி வாரத்தில் அதன் நிறம் மாறியது. இளம்பச்சையாக இருந்த உடல் கரும்பச்சையாகி, அதன் மேல் மஞ்சள் திட்டுகளும் மயில்நீலப் புள்ளிகளும் எழுந்தன. அவ்வளவு அழகு. படம் எடுத்து அக்கா மகனுக்கும் அக்காவுக்கும் பள்ளித் தோழிகளுக்கும் அனுப்பினேன். கட்சி மாறுகிறவரைப் பச்சோந்தி என்று ஏசும் வழக்கம் நமக்கு இருக்கிறது. உண்மையில் தன் உள்நிலையை இதைப்போல ஒளிவுமறைவின்றி உடல் மேல் எழுதிக் காட்டும் உயிர் வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை. பதுங்குவதற்காக அது நிறம் மாற்றுவதை விட, பிறருக்குத் தன் நிலையைத் தெரிவிக்கவும் உடல் வெப்பத்தைச் சரிசெய்துகொள்ளவும் மாற்றுவதே மிகுதி. அந்த மஞ்சளும் நீலமும், 'சினையாக இருக்கிறேன், ஆண் எதுவும் நெருங்க வேண்டாம்' என்பதற்கான அறிவிப்பு. முட்டையிடுவதற்கு மூன்று வாரத்துக்கு முன்பே முத்து அதைச் சொல்லிவிட்டது. நான் அதைப் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் இரண்டாம் வாரம் வடகிழக்குப் பருவமழை கோத்தகிரியை மூடிக்கொண்டது. நான்கு நாள் வெயிலே இல்லை. முத்து தின்பதை நிறுத்தியது. உச்சிக் கிளையை விட்டு இறங்காத விலங்கு, கூண்டின் தரையில் இறங்கி மூலைக்கு மூலை நடந்தது, நின்றது, முன்னங்காலால் தட்டைச் சுரண்டியது. என் மாமியார் முப்பது ஆண்டுகள் கோழி வளர்த்தவர். இரண்டு நாள் பார்த்துவிட்டு, "இது முட்டைக்கு இடம் தேடுதும்மா" என்றார். "அது ஆண், அத்தை" என்றேன். அவர் அதற்கு மேல் பேசவில்லை. மறுநாள் விலாவின் இருபுறமும் பையில் திராட்சை போட்டதுபோல மேடு மேடாகத் தெரிந்த பிறகுதான் எங்கள் ஊர்க் கால்நடை மருத்துவருக்குப் படம் அனுப்பிக் கேட்டேன். மாடும் நாயும் பார்ப்பவர், இந்த இனத்தை அதிகம் பார்த்ததில்லை என்று நேர்மையாகச் சொல்லிவிட்டு, "பெண்தான், வயிற்றில் முட்டை. உடனே மண் வைங்க, சூடு குறையாமப் பாத்துக்குங்க, சோர்ந்து கண்ணை மூடினா காத்திருக்காமக் கோவைக்குக் கொண்டுபோங்க" என்றார். அவர் சொன்ன மூன்றும் சரியானவை. அத்தை விளக்கெண்ணெய் தடவலாம் என்றார். கோழிக்கு அவர் அப்படிச் செய்து பார்த்திருக்கிறேன். இதற்கு வேண்டாம் என்று மறுத்துவிட்டேன். நான் சரியாகச் செய்த சிலவற்றுள் அது ஒன்று.

தொட்டியின் அடி

ரோஜா வைத்திருந்த ஒரு மண் தொட்டியைக் காலி செய்தேன். அகலமானது, ஆனால் உயரமில்லாதது. கூண்டுக்குள் வைக்க வசதியாக இருக்கும் என்று அதைத் தேர்ந்தெடுத்தேன். தோட்டத்து மண்ணைச் சலித்து, ஈரப்படுத்தி, பத்து சென்டிமீட்டர் இருக்கும், நிரப்பி வைத்தேன். கூண்டைச் சுற்றி ஒரு பழைய வேட்டியைக் கட்டி மறைத்தேன். அன்று பிற்பகல் மூன்று மணிக்கு முத்து தொட்டியில் இறங்கியது. முன்னங்கால்களால் மண்ணை இழுத்துத் தள்ளும் மெல்லிய ஓசை வேட்டிக்குப் பின்னாலிருந்து வந்தது. அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி.

கொஞ்ச நேரத்தில் ஓசை மாறியது. மண் சரியும் மென்மை போய், சுட்ட மண்ணில் நகம் உரசும் கரகரப்பு கேட்டது. சற்று நின்று, மறுபடி கேட்டது. அதன் பொருள் இன்று எனக்கு முழுமையாகப் புரிகிறது: அதன் நகம் தொட்டியின் அடியைத் தொட்டுவிட்டது. பெண் பச்சோந்தி தன் உடல் முழுவதும் உள்ளே செல்லும் அளவுக்குச் சாய்வாக ஒரு சுரங்கம் தோண்டி, அதன் முடிவில் திரும்பி அமர்ந்து முட்டையிடும். ஓரடியாவது ஆழம் வேண்டும். அடியில் தளம் தட்டுப்பட்டால் அதன் கணக்கில் அது பாறை. பாறையின் மேல் முட்டையிட்டால் வெயிலில் காயும், எறும்பு தின்னும். ஆகவே அந்த இடத்தை விட்டுவிட்டு வேறிடம் தேடும். முத்து தொட்டிக்குள்ளேயே மூன்று இடங்களில் தோண்டியது. மூன்றிலும் அதே கரகரப்பு. நான் அதை உழைப்பின் ஓசை என்று நினைத்தேன்.

ஐந்தரை மணிக்கு மின்சாரம் போனது. விளக்கு அணைந்தால் சூடு போய்விடுமே என்ற பதற்றமும், எத்தனை முட்டை வந்திருக்கும் என்ற ஆவலும் சேர்ந்துகொள்ள, வேட்டியின் ஓரத்தைத் தூக்கிக் கைப்பேசி வெளிச்சத்தை உள்ளே காட்டினேன். முத்துவின் தலை குழிக்குள் இருந்தது, பின்பாதி வெளியே. வெளிச்சம் பட்டதும் தோண்டுவது நின்றது. மெல்லப் பின்வாங்கித் தலையை வெளியே எடுத்தது. கொண்டையிலும் வாயோரத்திலும் ஈரமண். ஒரு கண் மட்டும் மேலே சுழன்று என்னைப் பார்த்து அப்படியே நின்றது. வேட்டியை விட்டுவிட்டேன். எண்ணிப் பார்த்தால் ஐந்து வினாடி இருக்கும். அந்த ஐந்து வினாடிக்குப் பிறகு அது மண்ணில் இறங்கவே இல்லை.

மண்ணைத் தோண்டும்போதுதான் இந்த விலங்கு தன் வாழ்நாளிலேயே மிகவும் பாதுகாப்பற்ற நிலையில் இருக்கிறது. மரத்தில் அசையாமல் நிற்பதால் உயிர் பிழைக்கும் உயிர், தரையில், தலையைக் குழிக்குள் விட்டுக்கொண்டு, ஓட முடியாத பாரத்தோடு இருக்கிறது. யாரோ பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தால் குழியைக் கைவிடும். கைவிட்டால் முட்டைகள் உள்ளேயே தங்கும். மசினகுடிச் சாலையில் ஒருமுறை நம் நாட்டுப் பச்சோந்தி ஒன்று ஆடி ஆடிச் சாலையைக் கடப்பதைப் பார்த்துப் பேருந்தை நிறுத்தினார் ஓட்டுநர். அதுவும் ஈரமண்ணைத் தேடி இறங்கியதாக இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அன்று பேருந்தில் இருந்தவர்கள் எல்லோரும் அது கடக்கும் வரை அமைதியாகக் காத்திருந்தோம். என் வீட்டில் எனக்கு அந்தப் பொறுமை இல்லாமல் போயிற்று.

அன்றிரவும் மறுநாளிரவும் மின்சாரம் விட்டு விட்டு வந்தது. சமையலறைச் சுவரில் தொங்கும் வெப்பமானி 12 பாகை காட்டியது. ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் நவம்பர் மழையில் அது இயல்புதான். ஏமன் மலைகளிலும் இரவு குளிரும், ஆனால் காலையில் அங்கே வெயில் ஏறிவிடும். இங்கே காலையிலும் மேகம். உடல் சூடாகாத ஊர்வனவற்றுக்குச் செரிமானமும் நடக்காது, தசையும் வலுவாகச் சுருங்காது. மூன்றாம் நாள் காலை முத்து தரையில் கண்மூடிக் கிடந்தது. பகலில் கண் மூடியிருக்கும் பச்சோந்தி பெரும் ஆபத்தில் இருக்கிறது என்று பொருள். விரலைக் கொடுத்தேன், பிடியில் வலுவில்லை. வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி ஓர் அட்டைப் பெட்டியில் அதன் அருகே வைத்து, மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் இறங்கினோம்.

இருவகைத் தடை

கோவை மருத்துவர் ஊடுகதிர்ப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். விலா எலும்புகளுக்கு நடுவே மங்கலான நீள்வட்டங்கள், ஒன்றன் மேல் ஒன்றாக. அவர் விளக்கியதை நான் மறக்கவில்லை. முட்டைத் தடை என்று பொதுவாகச் சொன்னாலும் அது இருவகை. ஒன்றில், சினைப்பையில் மஞ்சள் கருக்கள் திரண்டு பெருத்த பிறகும் முட்டைக்குழாய்க்குள் இறங்காமல், கரைந்தும் போகாமல் அங்கேயே தேங்கிவிடும். அழுகி உள்ளுறுப்புகளைக் கெடுக்கும். அதற்கு அறுவை தவிர வேறு வழி பெரும்பாலும் இல்லை. மற்றொன்றில், முட்டைகள் குழாய்க்குள் இறங்கி ஓடும் கட்டிய பிறகு வெளியேறாமல் தங்கும். முத்துவுக்கு நேர்ந்தது இரண்டாவது. இதற்கு முதல் மருந்து மண்ணும் இருட்டும் வெப்பமும்தான். உடலில் நீர் வற்றியிருந்தால் நீரேற்ற வேண்டும், சுண்ணாம்புச் சத்து குறைந்திருந்தால் ஊசி போட வேண்டும். அதன் பிறகே குழாயைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின். சுண்ணாம்பு இல்லாத உடலில் அந்த ஊசி பெரும்பாலும் வேலை செய்யாது. முட்டை ஒன்று குறுக்கே சிக்கியிருந்தால் அது குழாயையே கிழித்துவிடவும் கூடும். ஆகவே அதை வீட்டில் போடும் மருந்தாக ஒருபோதும் எண்ணக் கூடாது.

சுண்ணாம்புப் பொடியைத் தவறாமல் பூச்சியில் தூவித்தான் கொடுத்தேன் என்றேன். விளக்கைப் பற்றிக் கேட்டார். கூண்டோடு பழையதாக வந்த குழல் விளக்கு, நன்றாகத்தான் எரிகிறது, பகலில் ஜன்னலோரமாகவும் வைப்பேன் என்றேன். அங்கேதான் இன்னொரு முடிச்சு அவிழ்ந்தது. பூச்சியில் தூவிய சுண்ணாம்பு குடலிலிருந்து இரத்தத்தில் சேர வேண்டுமானால் வைட்டமின் டி3 வேண்டும். தோலில் அதை உண்டாக்குவது புற ஊதா பி கதிர். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், அந்தக் கதிரை விடாது. விளக்கும் ஆறு மாதம், ஓராண்டில் அந்தக் கதிரை இழந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் மட்டும் முன்போலவே எரியும். நாற்பத்தேழு ஓடு கட்டுவதற்கும், அவற்றை வெளித்தள்ளும் தசை சுருங்குவதற்கும் தேவையான சுண்ணாம்பை அது தன் எலும்பிலிருந்து எடுத்திருக்கிறது. படத்தில் கால் எலும்புகள் வெளிறித் தெரிந்ததை அவர் பேனா முனையால் தொட்டுக் காட்டினார்.

நீரேற்றி, சுண்ணாம்பு ஊசி போட்டு, ஆழமான மண் வாளியில் ஓர் இரவு விட்டுப் பார்த்தார்கள். தோண்டுவதற்கு அதனிடம் வலு இல்லை. மறுநாள் காலை அறுவை. முட்டைகள் வெளியே வந்தன, மயக்கமும் தெளிந்தது. அடுத்த நாள் விடியும் முன்பு முத்து இறந்துவிட்டது.

அதன் பிறகு எத்தனையோ பேர் ஆறுதல் சொன்னார்கள். "வெளிநாட்டு உயிர், நம்ம குளிர் ஒத்துக்கலை" என்பதே அதிகம் கேட்டது. குளிர் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆறுதலை என்னால் ஏற்க முடியவில்லை. முட்டை அதன் நோயன்று. ஆரோக்கியமான பெண்ணின் உடல் செய்யும் இயல்பான வேலை அது. ஐந்தாறு மாத வயதிலிருந்தே அந்த வேலைக்கு அது ஆயத்தமாகிவிடும். எனவே ஐந்தாம் மாதத்திலேயே மண் வாளி கூண்டில் நிலையாக இருந்திருக்க வேண்டும். தொல்லை வேண்டாமென்று ஆணையே வாங்கச் சொல்கிறவர்கள் உண்டு. அப்படியானால் விற்கப்படாத பெண் குஞ்சுகள் என்ன ஆகும் என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. நான் இனி வளர்க்கப் போவதில்லை. ஆனால் வளர்க்கிறவர் யாரென்று தெரிந்தால், அழைக்காமலே போய் மண்ணின் ஆழத்தைக் கேட்கிறேன்.

சென்ற ஆண்டு குன்னூர் பக்கத்து வெலிங்டனில் என்னுடன் வேலை பார்ப்பவரின் மகளிடம் அப்படி ஒன்று இருப்பது தெரிந்தது. கல்லூரியில் படிக்கும் பெண். குதியில் முள் இல்லை என்று அவளே பார்த்து வைத்திருந்தாள். உடலில் மஞ்சள் திட்டு எழுந்ததும், "ஆன்ட்டி, நிறம் மாறிடுச்சு" என்று அன்றே அழைத்தாள். இருபது லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்றை நன்கு கழுவி எடுத்துக்கொண்டு போனேன். அடியில் நீர் வடியத் துளைகள், மேலே ஆற்று மணலும் தோட்டத்து மண்ணும் சரிபாதி. ஈரம் எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு சோதனை உண்டு: கையை உள்ளே செலுத்தி ஒரு சுரங்கம் போல் செய்து கையை எடுக்க வேண்டும், அது இடியாமல் நிற்க வேண்டும். முழங்கைக்குப் பாதி வரை உள்ளே விட்டும் என் விரல் அடியைத் தொடவில்லை. அதை நான் இரண்டு முறை செய்து பார்த்தேன். தடித்த போர்வையால் கூண்டை மூடி, மின்சாரம் போனால் வைக்க வெந்நீர்ப் புட்டிகளைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, யாரும் உள்ளே பார்க்கக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டு வந்தேன்.

மூன்று நாள் அவளிடமிருந்து அழைப்பு இல்லை, நானும் அழைக்கவில்லை. நான்காம் நாள் காலை போனேன். பச்சோந்தி உச்சிக் கிளையில், விளக்கின் அடியில், வயிறு ஒட்டி விலாவெலும்பு தெரிய அமர்ந்து, நாங்கள் தெளித்த நீரைச் சொட்டுச் சொட்டாக நக்கிக் குடித்தது. நகமெல்லாம் மண். எடை பார்த்தோம்: 128 கிராம் இருந்தது 91 ஆகியிருந்தது. வாளியைப் பார்த்தேன். முட்டையிட்ட பிறகு அது குழியை முழுவதும் மூடி, முன்னங்கால்களால் தட்டித் தட்டி மண்ணைச் சமன் செய்திருந்தது. எந்த இடத்தில் தோண்டியது என்று அவளிடம் கேட்டேன். அவளும் குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்றாள்.